கரையடியில் பச்சைப் புல்

நடக்காத விபத்துக்குச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் என்னுடையது. சின்னமனூர்ப் பக்கம், மலையடிவாரத்தில், கல்லை உடைத்து எம்-சாண்ட் தயாரிக்கும் ஆலையில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தேன். மணல் கழுவிய சேறெல்லாம் மண்கரை போட்ட பெரிய குட்டையில் தேங்கும். அந்தக் கரை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க "வேண்டாம், வேண்டாம்" என்று தொண்டை வற்றக் கத்தியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத வேலையில் இருக்கிறவர்களே, என் பிழைப்பு உங்களுக்குத்தான் புரியும்.

சோளம் காய்ந்த இடம்

கோடையில் குட்டையின் மேல்பரப்பு காய்ந்து, சிமெண்டுத் தளம் போல வெளுத்துக் கிடக்கும். அடியில் ஆளை விழுங்கும் சேறு. கரைக்குக் கீழே குடியிருந்த பேச்சியக்கா ஒருநாள் அதன்மேல் மக்காச்சோளத்தைப் பரப்பி, நடுவில் நின்று காலால் கிளறிக்கொண்டிருந்தார். கரையில் நின்றே கத்தி, வந்த தடத்திலேயே திரும்பி வரச் சொன்னேன். கரையேறியதும், ஓரமாக ஒரு மூங்கில் கழியைக் குத்திக் காட்டினேன். கழி முழுக்க உள்ளே இறங்கியது. அக்கா அதைப் பார்த்தார், பிறகு சோளத்தைப் பார்த்தார்.

"அது சரி தம்பி, என் சோளத்த யாரு அள்ளித் தருவா?"

ஊற்று

கரையின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. தெளிவாக வந்தால் பெரிய பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம். தினமும் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பேன். அந்த ஈரத்தில் புல் மட்டும் முழங்கால் உயரம் நின்றது. பேச்சியக்காவின் வீட்டுக்காரர் முருகேசண்ணன் தன் இரண்டு பசுவுக்கும் அங்கேதான் அறுப்பார். "அண்ணே, இங்கன புல்லு செழிக்கிறது நமக்கு நல்லதில்ல. வீட்ட வேற எடத்துக்கு மாத்திக்கங்க" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். அரிவாளை நிறுத்தினால்தானே.

"ஊரே காஞ்சு கெடக்கு. இங்கன ஒரு எடத்துலதான் ஆத்தா கண்ணத் தொறந்திருக்கா, அதையும் வேண்டாங்கிறியேப்பா."

கலங்கல்

ஐப்பசி மழை விடாமல் பிடித்த ஒரு காலையில் டம்ளரில் பழுப்பாக வந்தது. மேனேஜரிடம் ஓடினேன். ஆலையை நிறுத்தி, குட்டைத் தண்ணீரை உடனே பம்பு வைத்து இறைக்கச் சொன்னேன். லாரிகள் வரிசையில் நிற்கின்றன, சாயங்காலம் பார்க்கலாம் என்றார். சத்தம் போட்டேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"நேத்து ஒடைஞ்சுச்சா? முந்தாநாள் ஒடைஞ்சுச்சா? இன்னைக்கு மட்டும் என்னய்யா வந்துச்சு?"

பள்ளிக்கூடத்து மேடு

அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். "வீட்ட விட்டு வாங்க, உசுரு முக்கியம், எதையும் எடுக்க வேணாம்" என்று வீடு வீடாகக் கத்தினேன். அன்றைக்குத்தான் என் பேச்சை எல்லோரும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்து மேட்டில் போய் நின்றார்கள். முருகேசண்ணனும் வந்தார். பசுக்கள் கத்துவது கேட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் அடுத்த வீட்டுக் கிழவரைத் தூக்கி வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்கிறார். பசுக்கள் மேடேறி வந்தன. அவர் ஏறி வருவதற்குள் கரை உடைந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் பேச்சியக்காவைப் பார்க்கப் போனேன். திட்டுவார், அழுவார் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். பசுக்களுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாட்டையும் பத்திக்கிட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தம்பி, அவுக போயிருக்க மாட்டாக."

இப்போது வேறொரு ஆலையில் இருக்கிறேன். கரைக்குக் கீழே இருக்கிற வீடுகளில் நான் முதலில் மாட்டைத்தான் விசாரிக்கிறேன் என்பதால், அங்கே எனக்கு மாட்டு டாக்டர் என்று பெயர்.