38.2-ல் எழுந்த முகடு

நம்பாதவர்கள் பேரம் பேசிப் பார்க்கலாம். ஒரு காசு குறைக்க மாட்டேன். இது நடந்தது. பட்டப்பகலில், செகந்திராபாத் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆராய்ச்சி மாணவி நஸ்ரினுக்கு.

அலுமினாப் பொடியின் மேல் பிளாட்டினத்தை ஏற்றினால் வினையூக்கி. அதில் எக்ஸ்ரே பாய்ச்சினால், திரையில் ஓடும் கோட்டில் பிளாட்டினம் 39.8 டிகிரியில் முகடு காட்டும். துகள் மிகச் சிறிதானால் முகடே வராது. ஆக, இந்தத் தொழிலில் கண்ணுக்குச் சிக்காததுதான் உயர்ந்த சரக்கு. ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிடத் தோதான கடை ஏது?

பொடி செய்து கொடுத்தவன் சீனியர் பிரசன்னா. முகடு வரவில்லை, அதுதான் நம் வெற்றி என்றான். நான்கு வருடமாக அண்ணா என்று கூப்பிட்டவள், பொடியின் சாம்பல் நிறத்தைப் பார்த்து நம்பினாள். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜம்புநாதன் மட்டும் தங்கப் பல் தெரியச் சிரித்து, ஒன்றையே சொல்வார்: "கலரை நம்பாதே, நக்கோம்மா. சுட்டுப் பார்."

அவள் சுடவில்லை.

ஞாயிறு. கடைசியாக ஒரு ஸ்கேன். ஜம்புநாதன் லீவு என்றிருந்தான் பிரசன்னா. கட்டடத்தில் ஒருவரும் இல்லை.

மணி 2.40. இயந்திரத்தின் கதவை மூடினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

2.52. உள்ளே டக்... டக்... மோட்டார் இல்லை. பல்லோடு பல் மோதும் சத்தம்.

பிறகு, ஏதோ கருகும் வாடை.

திரையில் ஊசிபோல ஒரு முகடு. 38.2.

பிளாட்டினம் அல்ல. அது தங்கத்தின் இடம்.

பிரசன்னாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். அவன் கேட்டான்: "போறதுக்கு முன்னாடி ஜம்பு உன்கிட்ட எதாச்சும் சொன்னாரா?"

அவள் போனை வைத்தாள்.

'நஸ்ரின்-17' என்று அவள் பெயரிட்ட கோப்பு. பெயர் மாறியிருந்தது.

'சுட்டுப் பார்.'

மிச்சப் பொடியை உலையில் வைத்தாள். அறுநூறு டிகிரி.

4.30. திறந்தாள்.

வெள்ளை.

பிளாட்டினம் இருந்தால் சாம்பல் நிறம் போகாது. எரிந்து போனது வெறும் புகைக்கரி. கூடவே, நான்கு வருடத்து அண்ணாவும்.

ஆய்வேட்டை அவள் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை, அந்த வெள்ளைப் பொடியோடு அல்வாலில் ஜம்புநாதன் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவர் மகன் விஸ்வநாத், மொட்டைத் தலையோடு. அப்பா சனிக்கிழமை போய்விட்டாராம். பிரசன்னா வந்து மாலை போட்டுவிட்டுப் போனானாம்.

கொள்ளி வைத்தது ஞாயிறு, 2.40.

"காலைல எலும்பு பொறுக்கினோம்க்கா. எல்லாம் கெடச்சுது. அந்தத் தங்கப் பல்லு மட்டும் இல்ல."