வட்டத்துக்குள் ஒரு எண்

என் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது, இதழின் இணையப் பக்கத்தில் அதன் ஓரமாக ஒரு வண்ண வட்டம் இருந்தது. கட்டுரையை யாராவது முகநூலில் பகிர்ந்தால், செய்தியில் குறிப்பிட்டால், அதையெல்லாம் கூட்டி வட்டத்துக்குள் ஒரு எண் காட்டும். எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். அதை யார் பார்க்கிறார்கள்? நான் பார்க்கவில்லை.

மார்பில் கட்டி வந்தும் மாதக்கணக்கில் வைத்தியரிடம் காட்டாத எங்கள் கிழக்கிலங்கைப் பெண்களைப் பற்றிய கட்டுரை அது. கல்முனையிலிருந்து நாவிதன்வெளி வரை வீடு வீடாய்ப் போய், கதவைச் சாத்திவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஏன் காட்டவில்லை, யாரிடம் சொன்னீர்கள், யார் தடுத்தார்கள் என்று. எழுதியது மட்டும் ஆங்கிலத்தில்.

எங்கள் ஊரில் ஒருவர் பட்டம் வாங்கினால் போதும், முகநூல் பக்கங்கள் கல்யாண வீடு மாதிரி அமர்க்களப்படும். எனக்கும் நடந்தது. ஊர்ப் பக்கம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவிகள் சங்கம் என்று ஆளாளுக்கு என் படத்தைப் போட்டு வாழ்த்தி, கீழே கட்டுரையின் இணைப்பையும் ஒட்டிவிட்டார்கள். எண் ஏறியது. வாசித்தவர் தொகை அசையவில்லை என்பதைப் பிறகுதான் கண்டேன். பல்கலைக்கழகத்தில் மூத்தவர்களே பொறாமையாகப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு பின்நேரம் ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா, வந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வீட்டில் அபாயா தைத்து விற்பவர், அதற்கென்று சின்ன முகநூல் பக்கமும் வைத்திருந்தார். அருகில் உட்கார்ந்து, "உன்னட்ட ஒண்டு கதைக்கணும் புள்ள" என்றார்.

"இரிங்க ராத்தா, இந்தா வாறன்" என்றேன். கண் போனில். கொழும்புச் செய்தித்தளம் ஒன்று அப்போதுதான் கட்டுரையைப் பற்றிப் போட்டிருந்தது, எண் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது ராத்தா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தார். என்ன விஷயம் என்று பிறகும் நான் கேட்கவில்லை. அந்த ஒரு "இரிங்க"வை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஏழு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ராத்தாவின் மார்பிலிருந்த கட்டி உடம்பெல்லாம் பரவியிருந்தது. ஊரெல்லாம் ஏறி இறங்கிய எனக்கு, அடுத்த தெருவிலிருந்த அவர் வீட்டுப் படி கண்ணில் படவில்லை.

கடைசி வாரம் கேட்டார்: "நீ எழுதினதில என்ன புள்ள இரிக்கி?"

கட்டிலோரம் இருந்து, முதல் தடவையாகத் தமிழில் சொன்னேன். பெண்கள் வெட்கத்தில் மறைப்பதைச் சொன்னேன். குளிக்கும்போது தடவிப் பார்க்க வேண்டியதைச் சொன்னேன். ஆரம்பத்திலேயே வந்தால் சுகப்படுத்தலாம் என்பதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஓம்" என்றார். "இத என்னட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ராத்தா மவுத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகுதான் கட்டுரையின் பக்கத்தைத் திறந்தேன். வட்டத்தைத் தொட்டால் பகிர்ந்தவர்களின் பட்டியல் வரும். ஒருநாளும் நான் அதை அடிவரை பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், எல்லாருக்கும் முதல் பகிர்ந்தவராக, ராத்தாவின் அபாயாப் பக்கம் இருந்தது.

"மாஷா அல்லாஹ். என்ட தங்கச்சி எழுதினது. எல்லாரும் வாசிங்க."