தரவையில் தேடிய கிணறு

அகதிகளாய் டென்மார்க் வந்த நாங்கள் குடும்பங்களைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்கள் கிடப்பில் கிடந்த காலம். விபோர்க் நகரிலிருந்து நான் கசற்றில் பேசிப் பதிந்து, யாழ்ப்பாணத்திலிருந்த மனைவிக்கு அனுப்புவேன். கூச்சத்தில் "சுகமாயிருக்கிறன்" என்பதற்கு மேல் பேச்சு வராது. "இடத்தைப் பற்றிச் சொல்லுங்கோவன்" என்று அவள் கேட்டிருந்தாள்.

கோடை விடுமுறையில் அறைத் தோழன் என்னை ஊருக்கு வெளியே பயிரிடாத வெட்டவெளியான ஒரு தரவைக்குக் கூட்டிப்போனான். ரேப் ரெக்கோடரையும் எடுத்துப் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை முழங்காலுயரப் பற்றைகள், எல்லாவற்றிலும் ஊதாப் பூ. நான் மேடுமேடாக ஏறிப் பார்த்தேன்.

"என்னண்ணை தேடுறியள்?"

"கிணத்தை. இவ்வளவுக்கும் எங்கையிருந்து இறைக்கிறாங்கள்?"

அவன் மணலில் குந்தியிருந்து சிரித்தான். "மிளகாய்த் தோட்டமெண்டு நினைச்சியளோ? இது தானாப் பூக்கிறதண்ணை!"

நம்ப முடியவில்லை. ஒரு செடியை விலக்கி மண்ணைக் கிண்டினேன். மேலே காய்ந்த மணல், அடியில் மெல்லிய ஈரம். அங்கேயே இருந்து ரெக்கோடரை அழுத்தினேன். "இஞ்சை ஒருத்தரும் தண்ணி இறைக்கேல்லை, ஆனாப் பூத்துக் கிடக்கு" என்று தொடங்கியவன் கசற்றின் ஒரு பக்கம் முடியும்வரை நிறுத்தவில்லை.

அவளுடைய பதில் கசற்றில் முதல் கேள்வியே, "அப்ப மழை பெய்யாட்டி?" என்பதுதான்.

அடுத்த கோடையிலும் அவள் வர அனுமதி கிடைக்கவில்லை. அந்த முறையும் பூத்திருக்கிறதா என்று அவளுக்காகப் பார்த்துச் சொல்ல மறுபடியும் தரவைக்குப் போனேன்.