மூன்றாம் பாகத்து ரயில் நிலையம்

பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு. கொழும்பிலிருந்து வரும் ரயில் நாவலப்பிட்டி நிலையத்துக்குள் நுழைய வேண்டிய நேரம் அது. அன்றைக்கு அது சரியாக அந்த நேரத்துக்கே நுழைந்தது. எல்லாம் கோணலாகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். ரயில் நேரத்துக்கு வந்ததைக் குற்றமாகச் சொல்வது விநோதம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பல வருடங்கள் நான் அந்த ரயிலின் மேல்தான் பழியைப் போட்டுவந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். எனக்கு ஐந்து வயதாகும்போது, இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர். இரண்டு ஐந்தாகிவிட்டது. அப்பா புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்காக என்னை மட்டும் நாவலப்பிட்டியில் அம்மாவின் அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பெரியம்மாவின் மகன் என்னைவிட நான்கு வயது மூத்தவன், எனக்கு அண்ணன்.

அம்மா கடிதம் எழுத மாட்டார். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, ஊருக்கு வரும் யாராவது ஒருவர் கையில் ஒரு கசெட் கொடுத்தனுப்புவார். அதில் அரை மணி நேரம் பேசியிருப்பார். நடுவில் அந்த வீட்டுக் குழந்தை அழும் சத்தமும் பாத்திரம் விழும் சத்தமும் கேட்கும். கடைசியாக வந்த கசெட்டில் இப்படிச் சொல்லியிருந்தார்:

"ரயில் நிக்கிறப்ப மொதல்ல ஒன் மொகத்தத்தான் பாக்கணும் பாப்பா. வேற யாரு மொகத்தயும் பாக்க மாட்டேன். கண்ண மூடிக்கிட்டே எறங்குவேன், பாரு."

அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாடாவே அந்த இடத்தில் இளகி, அம்மாவின் குரல் கொஞ்சம் தடிப்பாகக் கேட்கத் தொடங்கியது.

இனி அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு வீடியோக் கடை இருந்தது. முன்பக்கத்தில் படக் கசெட்டுகள் வாடகைக்குக் கொடுப்பார்கள். பின்பக்கத்தில், ஒரு பச்சைத் திரைச்சீலைக்கு அப்பால், ஒரு டீவியும் ஒரு கேம் பெட்டியும் உட்கார இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளும் இருந்தன. இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு. அதில் அப்போது மூன்று பாகங்கள் வந்திருந்தன. பெயரை எங்களில் யாரும் ஒழுங்காக உச்சரித்ததில்லை. "சண்ட கேம் ஒன்னு", "சண்ட கேம் ரெண்டு" என்றால் கடைக்காரர் எடுத்துப் போடுவார்.

எல்லோரும் ஆளைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். அண்ணனுக்கு ஒரு தொப்பைக்கார மல்யுத்தக்காரன். அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. எனக்கோ யார் அடித்தாலும் ஒன்றுதான். நான் ஸ்டேஜைத்தான் பார்ப்பேன். சண்டை நடக்கும் இடம், அதன் பின்னால் தெரியும் உலகம். முதல் பாகத்தில் ஒரு மீன் சந்தை வரும். ஐஸ் கட்டிகள் உருகி ஓடும் தண்ணீரில் சண்டைக்காரர்களின் நிழல் நெளியும். கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை எட்டிப் பார்க்கும். இரண்டாம் பாகத்தில் ஒரு மொட்டைமாடி. அங்கே துணி காயும். யாராவது பலமாக விழுந்தால் கொடியிலிருந்து ஒரு சிவப்புச் சட்டை பறந்துபோகும். எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதற்குள் எனக்கு நான்கு அடி விழுந்துவிடும்.

"சண்டையப் பாருடி! கொடியில காயிற துணியப் பாக்குறதுக்கா வந்த?" என்று அண்ணன் தலையில் குட்டுவான். நான் தோற்பதற்கென்றே அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மூன்றாம் பாகத்தில் வரும் ரயில் நிலையம். பனி கொட்டிக்கொண்டிருக்கும். மேடையில் ஒரு பெஞ்சு. அதில் பழுப்பு நிறப் பெட்டியுடன் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஒரு சுற்றுக்குக் கடிகாரம் தொண்ணூற்றொன்பதில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். முப்பது வரும்போது ஒரு ரயில் வந்து நிற்கும். கதவு திறக்கும். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அதற்குள் யாராவது அடிபட்டு விழுந்து சுற்று முடிந்துவிடும். அண்ணனின் மல்யுத்தக்காரன் முப்பது வரை யாரையும் விட்டுவைத்ததில்லை.

மூன்று சுற்றும் யாரும் யாரையும் அடிக்காமல் நின்றால், கடைசிச் சுற்றில் அவள் ரயிலில் ஏறுவாள் என்று ஒரு பேச்சு எங்கள் பள்ளிக்கூடத்தில் உலவியது. கம்பளையில் யாரோ ஒரு பையன் பார்த்தானாம். மாதக்கணக்காக அண்ணனிடம் கெஞ்சினேன்.

"அடிக்காம சும்மா நிக்கிறதுக்கு எதுக்குடி சண்ட கேமு? பஸ் ஸ்டாண்டுல போயி நில்லு" என்பான்.

அம்மா வரும் நாள் வந்தது. அப்பா முதல் நாளே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போயிருந்தார். பெரியம்மா எனக்குப் புது கவுன் போட்டுவிட்டார். தலை வாரத்தான் வழியில்லை. பேன் தொல்லை தாங்காமல் ஒரு மாதத்துக்கு முன்தான் முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மழை தூறியதால் கவுனுக்கு மேல் அண்ணனின் பழைய நீல மழைக்கோட்டை மாட்டி, மூன்றே காலுக்கெல்லாம் எங்களை நிலையத்துக்கு அனுப்பினார்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியப்பா, "இப்பவே எதுக்குப் போறீங்க? அந்த ரயில் அஞ்சுக்கு முன்ன வந்துச்சுன்னா நான் மீசைய எடுத்துடுறேன்" என்றார். ரயில்வேக்காரர் சொன்ன பிறகு எங்களுக்கு என்ன சந்தேகம்? அந்த ஊரில் எல்லோரும் அட்டவணையில் உள்ள நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டித்தான் ரயிலுக்குப் போவார்கள்.

வீடியோக் கடை வாசலில் அண்ணன் நின்றான். "இன்னைக்கு ஒங்கம்மா வர்ற நாளு. போனாப் போவுது, ஒரு தடவ அடிக்காம நிக்கிறேன். வா."

அவனுக்கு அம்மா கைக்கடிகாரம் கொண்டுவருவதாக இருந்தது. தாராளம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

அடிக்காமல் நிற்பது அவ்வளவு சுலபமில்லை. முதல் தடவை இரண்டாம் சுற்றில் அண்ணனின் கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது. என் ஆள் பனியில் விழுந்தான். மறுபடி முதலிலிருந்து. அடுத்த தடவை முதல் சுற்றிலேயே. "கை பழகிப்போச்சுடி" என்று தலையைச் சொறிந்தான். மறுபடியும். நடுவில் ஒரு ரயில் கூவியது கேட்டது. நாவலப்பிட்டியில் எஞ்சின்கள் நாள் முழுக்க முன்னும் பின்னும் போய்க் கூவிக்கொண்டேதான் இருக்கும். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்னடா, சத்தமே காணோம்? மெஷின் நின்னுருச்சா?" என்று முன்பக்கத்திலிருந்து கடைக்காரர் கேட்டார்.

"இல்லண்ணே, சமாதானமா இருக்கோம்" என்றான் அண்ணன்.

எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, இரண்டு சுற்றுகள் ஒரு அடியும் இல்லாமல் கடந்தன. மூன்றாவது சுற்று. அண்ணன் இரண்டு கைகளையும் பட்டன்களிலிருந்து எடுத்து, சரணடைந்தவன்போல் மேலே தூக்கி வைத்திருந்தான். நாற்பது. முப்பத்தெட்டு. அப்போது திரைச்சீலை விலகி டீவியின் மேல் வெளிச்சம் விழுந்தது.

"தம்பி, இங்க ஒரு பொம்பளப் புள்ள வந்துச்சாப்பா? இந்த ஒசரம் இருக்கும். ரெட்ட ஜட போட்டிருக்கும்."

நான் முழுதாகத் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த கதிரையின் சாய்வுக்குச் சற்று மேலே, உள்ளங்கை கீழே பார்க்க, காற்றில் ஒரு தலையைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல நின்ற கை. மழையில் நனைந்திருந்தது.

"வரல" என்றேன். கடிகாரத்தில் முப்பத்தொன்று.

கை மறைந்தது. திரைச்சீலை விழுந்தது.

இதை நான் யாரிடம் சொன்னாலும், ஆள் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உடனே நம்புவார்கள். ஐந்து வருடம் பார்க்காத அம்மா, இருட்டு அறை, ஒட்ட வெட்டிய தலையும் ஆண்பிள்ளை மழைக்கோட்டுமாக நான். நாங்கள் அனுப்பிய கடைசிப் படம் எனக்கு ஆறு வயதில் எடுத்தது. அவருக்கும் என்னைத் தெரியவில்லை, எனக்கும் அவரைத் தெரியவில்லை. பாதி உண்மை அது. முகம் தெரியாது. குரல் தெரியும். நாடா இளகும்வரை கேட்ட குரல். "இந்த ஒசரம்" என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ரயில் வர ஏழே நொடிகள்தான் இருந்தன. அம்மா இன்னும் அரை நிமிடம் எங்கேயும் போய்விட மாட்டார் என்று நினைத்தேன். ஐந்து வருடமாகக் காத்திருந்த எனக்கு அரை நிமிடம் ஒரு நேரமாகவே படவில்லை.

"யாருடி அது?" என்றான் திரையிலிருந்து கண்ணை எடுக்காத அண்ணன்.

"யாரோ."

ரயில் வந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் எழுந்து பெட்டியை எடுத்தாள். இருபது. பத்து. ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடி. பூஜ்ஜியம். திரை முழுக்கப் பெரிய எழுத்து விழுந்து அவளை மறைத்தது. பிறகு கறுப்பு.

"இவ்வளவுதானா?" என்றான் அண்ணன்.

நான் வெளியே ஓடினேன். தெருவில் குடைகள்தான் இருந்தன. எந்தக் குடைக்குக் கீழே என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் கண்டியில், டியூஷன் விட்டு நாற்பது நிமிடமாகியும் என் மகன் வெளியே வரவில்லை. வகுப்பில் இல்லை. நண்பர்களுக்குத் தெரியவில்லை. தலதா வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு மருந்துக் கடையில், "எவ்வளவு பெரிய பையன், மிஸ்?" என்று கேட்டார்கள். என் கை தானாக இடுப்புக்குப் போய் நின்றது. அவன் என் தோளுக்கு வளர்ந்து இரண்டு வருடமாகிறது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அவன் ஒரு போன் கடையில் நின்றுகொண்டிருந்தான். அந்தச் சண்டை விளையாட்டின் புதிய பாகம் அங்கே பெரிய திரையில் ஓடியதாம். "அம்மா, நீங்க சொல்வீங்களே, அந்தப் பழைய ரயில்வே ஸ்டேஷன் ஸ்டேஜத் திரும்பப் போட்டிருக்காங்க" என்றான், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து. பெஞ்சில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். காலி என்றான். அன்று அவனை அடித்துவிட்டேன். நான் யாரையும் அடிக்கிறவள் இல்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

அம்மா வந்த அன்றைக்கு, கடையிலிருந்து நானும் அண்ணனும் நிலையத்துக்கு ஓடினோம். மேடையில் அப்பா மட்டும் இருந்தார். கயிறு கட்டிய இரண்டு பெரிய பைகள், ஒரு கம்பளிப் போர்வைப் பெட்டி, அதன் மேல் அப்பா.

"எங்கடா போய்த் தொலைஞ்சீங்க? ரயிலு வந்து ஒரு மணித்தியாலமாகப் போவுது. கண்ண மூடிக்கிட்டு எறங்குச்சு ஒங்கம்மா. தொறந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. நில்லு நில்லுன்னு சொல்லுறேன், கேக்காம தேடிப் போயிருச்சு."

"பெரிய மழ சித்தப்பா. ஒரு கடையோரமா ஒதுங்கி நின்னோம்" என்றான் அண்ணன்.

அப்பா பெரியம்மா வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அங்கேயும் அம்மா போகவில்லை. நான் மழைக்கோட்டைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தேன். கவுனை இழுத்துவிட்டேன். இல்லாத முடியைத் தடவி ஒதுக்கினேன். பிறகு, யாருக்கும் தெரியாமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றேன். அந்தக் கை காட்டிய உயரத்துக்கு வர முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை. இன்னும் மடக்கினேன். அதுவும் போதவில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பா சொன்னபடியே மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு மாலை ஐந்தே காலுக்குத்தான் அம்மா மேடையின் மறுமுனையிலிருந்து வந்தார். மெலிந்திருந்தார். சல்வார் முழுக்க நனைந்து காலில் ஒட்டியிருந்தது. ஒரு கையில் செருப்பைப் பிடித்திருந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மடக்கிய முழங்காலோடு அப்படியே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெட்டிய தலையைப் பார்த்தார். பிறகு அண்ணன் கையில் தொங்கிய நீல மழைக்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் தப்பித்துக்கொண்டேன் என்றே நினைத்தேன். எத்தனையோ வருடம் அப்படியே நினைத்தேன்.

"அடிக்காதீங்க. புள்ள இங்கனதான் இருந்திருக்கு. நான்தான் வேற ஒரு புள்ளயத் தேடிக்கிட்டுத் திரிஞ்சிட்டேன்."