கான்கிரீட்டுக்குக் கீழே எங்கள் நிலம்

யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட கான்கிரீட் பாதை விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊர் ஓரமாக இன்னும் கிடக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது ஏர்போர்ட்டு. அங்கே விமானம் இறங்கி நான் பார்த்ததில்லை, மல்லாட்டை காய்ந்துதான் பார்த்திருக்கிறேன்; நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அறுவடை முடிந்தால் ஊரே மூட்டையோடு அங்கே போகும். மற்றவர்கள் கிடைத்த இடத்தில் பரப்புவார்கள். அந்தப் பாதைக்கு நிலத்தைப் பறிகொடுத்த எங்களைப் போன்ற குடும்பங்கள் மட்டும் அப்படிச் செய்யாது. கான்கிரீட்டுக்கு அடியில் யார் நிலம் எங்கே இருந்ததோ, அதற்கு நேர் மேலேதான் அவரவர் காயவைப்பார்கள். கோடு கிடையாது, கல் கிடையாது. ஆனாலும் அடுத்தவர் இடத்தில் யாரும் ஒரு கூடைகூடக் கொட்டியதில்லை.

யுத்தம் முடிந்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி வாங்கிய நிலம். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் போய்ச் சேர்ந்தான், நிலம் வரவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அப்பா செத்துப்போனார். அதற்குப் பிறகு அண்ணன் அதே பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி இறந்ததும் அவர் தனியாள். சென்னையிலிருந்து மகன் வந்து வந்து கூப்பிட்டான். எழுபதைத் தாண்டிய வயசு, சுகர் வேறு. குத்தகை நிலத்தில் மல்லாட்டை போட்டுக்கொண்டு, தானே சோறாக்கித் தின்றுகொண்டு, அசைய மாட்டேன் என்றார்.

"நான் கெளம்பின பிற்பாடு கவர்மென்ட்டுல நெலத்தக் குடுக்க வந்தா, வாங்கறதுக்கு யாரு இருக்கறா?" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் அவரோடு சண்டை போட்டுவிட்டு வருவதே எனக்கு வேலையாகிவிட்டது. கான்கிரீட்டில் ஏர் ஓட்டப் போகிறாயா என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"பேத்து எடுத்தா அடியில நம்ம கறுப்பு மண்ணு அப்டியே இருக்கும் பாப்பா. இத்தினி வருசம் ரெஸ்ட்டு எடுத்துக்கினு கெடக்குது. உளுந்து போட்டா சும்மா கெளம்பும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன தை மாதம் நான் போயிருந்தபோது ஏர்போர்ட்டில் குழாய் பதிக்கப் பொக்லைன் வந்திருந்தது. எங்கள் இடத்தின் குறுக்கே பெயர்த்துக்கொண்டு போனார்கள். சேதி கேட்டதும் அண்ணன் சலவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கான்கிரீட்டுக்குக் கீழே கருங்கல் ஜல்லி. அதற்குக் கீழே சிவந்த சரளை, இறுகிப் பாறையாகிக் கிடந்தது. அண்ணன் பள்ளத்தில் இறங்கிக் கையால் அள்ளப் பார்த்தார், வரவில்லை. கடப்பாரை வாங்கிக் குத்தினார். குத்தக் குத்தச் சரளைதான். கறுப்பு மண்ணை அன்றைக்கே வாரிக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பாதை போட்டிருக்கிறார்கள். எங்கள் நிலம் அங்கே இல்லவே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றவள்தான் நான். அவர் சொன்னதே மெய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அண்ணன் கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தார்.

"அப்பா இது தெரியாமயே பூட்டாரு, அந்த மட்டுக்கும் நல்லது" என்றார்.

சட்டையில் ஒட்டியிருந்த சரளைத் தூளைத் தட்டிவிட்டு, "போன் எடுத்துக்கினு வந்தியா?" என்று கேட்டார்.

"இருக்குதுண்ணா. யாருக்குப் போடணும்?"

"பையனுக்குப் போடு. வந்து என்னை இட்டுக்கினு போவச் சொல்லு."