பேரிங் போன கார்

சித்தியை அவள் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வரும்படி அப்பா சொல்லியிருந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வரும்போது ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னார்கள்.

அப்பாவுக்குச் செராமிக் கம்பெனியில் வேலை. அதனால் அம்மாதான் காரை ஓட்டினாள். எட்டு வயதுக்காரி நான் சித்தியோடு பின்சீட்டில் இருந்தேன். அம்மா கண்ணாடியில் அடிக்கடி சித்தியைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க ஒருமுறை, கதவு சரியாகச் சாத்தவில்லையென்று ஒருமுறை வண்டியை நிறுத்தினாள். எப்போது போய்ச் சேருவோம் என்று நான் நச்சரித்துக்கொண்டே வந்தேன்.

விருத்தாசலத்தைத் தாண்டியதும் சக்கரத்தில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. அம்மா ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினாள். சித்தி இறங்கவில்லை, ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டாள். நான் அம்மாவோடு இறங்கினேன்.

கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்து, திருப்புளியால் எதையோ நெம்பி எடுத்தார்.

"பீங்கான் சில்லுக்கா. டயரு இடுக்குல சிக்கியிருக்குது. காத்தும் கம்மி. அதான் ரெண்டு ஓரமும் தேஞ்சிருக்குது பாருங்க. பதினஞ்சி நாளைக்கு ஒருவாட்டி காத்து புடிங்க."

காற்றடித்து முடித்ததும், "தாராளமாப் போலாம்," என்றார்.

அம்மா நகரவில்லை. "எந்தச் சத்தம் வந்தா வண்டிய ஓட்டக் கூடாது?"

அவர் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். "உய்ங்னு எரைச்சல் வந்தா பேரிங் போயிடுச்சின்னு அர்த்தம். அதோட தூரம் போவக் கூடாதுக்கா."

அம்மா கார் கதவைத் திறந்தாள். "பேரிங் போயிடுச்சாம்டி. தூரம் போவக் கூடாதுன்றாரு. வூட்டுக்கே போயிடலாம்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை வலிக்கும்படி பிடித்தாள்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொய் சொன்னால் அடி விழும் வீடு எங்களுடையது. கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது வேறு என்னைப் பயமுறுத்தியது.

நினைத்தபடியே அப்பா என்னைத்தான் கேட்டார். "எப்பிடிச் சத்தம் வந்துது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பின்னாலிருந்து சித்தி சொன்னாள்: "உய்ங்னு ஒரே எரைச்சல் மாமா. காதே அடைச்சிடுச்சி."

சித்தி அதற்கப்புறம் சேத்தியாத்தோப்பு வீட்டுக்குப் போகவே இல்லை. ஆனால் அன்று எனக்கிருந்த குழப்பமெல்லாம் ஒன்றுதான்: அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் காதில் விழாத சத்தம் அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?