புள்ளிகள் பத்திரமாக இருக்கின்றன

போன ஞாயிறு ராயப்பன்பட்டிக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஸ்டெல்லா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள் என்று போன். பி.எச்டி. முடியப்போகிறது, நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று தேனியிலேயே ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டேன். எனக்கு எதிலும் அவசரம்.

ஸ்டெல்லா திராட்சைப் பந்தலடியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை.

அவள் என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும், “எக்ஸ்-ரே” என்று சொல்லிச் சமாளித்து வந்தவன் நான். முழங்கால் வலியோடு அவளைத் தேடிப்போன சொந்தக்காரர்கள் உண்டு!

விஷயம் இதுதான். ஆக்ஸைடு படிகம் ஒன்றை வளர்த்தாள். உளுந்தளவு. அதற்குள் எக்ஸ்-ரே பாய்ச்சினால் படத்தில் வரிசையாகப் புள்ளிகள் விழும். அவை அணுக்களின் சராசரி ஒழுங்கைச் சொல்லும். புள்ளிகளுக்கு நடுவே மங்கலாக ஒரு புகை படியுமாம் — எந்த அணு இடம் தவறி நிற்கிறது, பக்கத்து அணு அதற்காக எப்படி ஒதுங்குகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஐந்து வருஷமாக அவள் துரத்தியது அந்தப் புகையை.

ரொம்ப நாள் காத்திருந்து, வெளிநாட்டு எக்ஸ்-ரே ஆராய்ச்சி மையம் ஒன்றில் போய்ப் படம் எடுத்தாள். எல்லாம் எடுத்த பிறகு, கடைசியாகக் குளிரூட்டிப் பார்த்தபோது படிகம் தூளாகிவிட்டது. போகட்டும், படம் இருக்கிறதே...

இருந்ததா? அவள் லேபில் மற்ற எல்லாருக்கும் புள்ளிகள்தான் வேலை. புகை அவர்களுக்குக் குப்பை. கம்ப்யூட்டரில் இடம் நிறைந்தால், புள்ளிகளின் அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடுவது அங்கே வழக்கம். ஒரு சீனியர், உதவி செய்வதாக நினைத்து, இவள் படங்களையும் சுத்தம் செய்துவிட்டார். மையத்தில் கேட்டாள். படங்களை வைத்திருக்கும் கெடு முடிந்து அங்கேயும் அழித்தாகிவிட்டதாம். மறுபடி படிகம் வளர்த்து வரிசையில் நிற்க, படிப்புக்குக் கொடுத்த காலம் மிச்சமில்லை.

மச்சான் திராட்சைக் கொடியைக் கட்டிக்கொண்டே மகளிடம் கேட்டார்.

“அந்தப் புள்ளிக இருக்குல்ல ஆத்தா. அத வச்சு எழுதிக் குடுத்தா ஒத்துக்கிட மாட்டாகளா?”

“புள்ளிய வச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா. இந்தப் பந்தக் கல்லுக்காலெல்லாம் எட்ட நின்னு பாத்தா நேராத்தான தெரியுது? எது சாஞ்சிருக்கு, அதால பக்கத்துக் கம்பி எப்படி இழுபடுது... அதுதாம்ப்பா போச்சு.”

ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு உபதேசம் செய்கிறவன்தானே நான். என்ன சொல்வது? எல்லாம் நன்மைக்கே என்றா? இது ஒருத்தர் நன்மைக்கும் இல்லை. ஒரு பெண்ணின் ஐந்து வருஷம் போய்விட்டது. அவ்வளவுதான்.

பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டம்மா, ஸ்டெல்லா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். அக்கா என் அல்வாவை எடுத்து நீட்டினாள்.

“அவளுக்கென்ன... நல்லா இருக்கா.”

புள்ளிகளை மட்டும் பார்த்தால், உண்மைதான்.